சர்க்கரை போர்த்திய வித்து

இருபது வருஷ காலமாக நாம் வகுப்பறையில் ஒரு பொய்யைச் சொல்லி வந்திருக்கிறோம். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல. நம்முடைய உபாத்தியாயர் நமக்குச் சொன்னதை நாம் பிள்ளைகளுக்குச் சொன்னோம், அவ்வளவுதான். "ஜலத்தை நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் அதிலுள்ள எல்லாக் கிருமிகளும் செத்துப் போகும்" என்பதே அந்த வாக்கியம். அதைக் கரும்பலகையில் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்து, பிள்ளைகளை மூன்று தடவை சொல்லச் சொல்லுவோம். பரீட்சையில் இதற்கு இரண்டு மார்க்கு உண்டு. சர்வகலாசாலையில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறோம். "எல்லா" என்ற அந்த மூன்றெழுத்து அங்கே இருக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய், "அநேகமாக எல்லா" என்று இழுத்துக் கொண்டிருந்தால் யார் கேட்பார்கள்? சுருக்கமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இந்தச் சுருக்கத்துக்கு ஒரு குடியானவர் விலை கொடுக்க நேர்ந்தது.

நமது பள்ளிக்கூடம் வேலூருக்குச் சமீபத்தில், ஒரு கிராமத்தில் இருக்கிறது. நம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனுடைய தகப்பனாருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் பதினான்கு ஆடுகளும் ஆஸ்தி. நீண்ட கோடைக்குப் பிறகு முதல் மழை பெய்து புல் தளிர்த்திருந்த சமயம். ஒரு நாள் விடியற்காலையில் பட்டியில் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரையில் துள்ளி மேய்ந்த ஆடு. வயிறு உப்பியிருந்தது. மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் உறையாமல் வழிந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் பார்த்துவிட்டு, "அடைப்பான் மாதிரி இருக்குதப்பா. கையாலே தொடாதே, கத்தி வைக்காதே. ஆழமாக் குழி வெட்டிப் புதைச்சுடு" என்றாராம்.

ஓர் ஆட்டின் விலை நமக்கெல்லாம் ஒரு கணக்கு. அந்த வீட்டுக்கு அது வேறு கணக்கு. தகப்பனார் தயங்கி நின்றபோதுதான் பையன் வாயைத் திறந்தான். "தாத்தா, நல்லாக் கொதிக்க வெச்சா எல்லாக் கிருமியும் செத்துப் போயிடும். எங்க ஸார் சொல்லிக் கொடுத்திருக்காரு!"

கிழவரின் அநுபவமும் நமது பட்டமும் எதிர் எதிராக நின்றன. பட்டம் ஜயித்தது. புளிய மரத்தடியில் ஆட்டை உரித்தார்கள். நான்கு வீடுகளுக்குப் பங்கு போயிற்று.

நாலாம் நாள் தகப்பனாரின் முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கொப்புளம் கண்டது. கொசுக்கடி போல் அரிப்பு இருந்ததே தவிர வலி இல்லை. அது உடைந்தது, சுற்றிலும் கை வீங்கிற்று, நடுவே அடுப்புக்கரியைப் பதித்து வைத்தாற்போல் கன்னங்கறேலென்று ஒரு பொருக்குக் கட்டியது. அப்போதும் வலி இல்லை. கிரேக்க பாஷையில் 'ஆந்த்ராக்ஸ்' என்றால் கரி என்று அர்த்தம். அந்தப் பொருக்கைப் பார்த்துத்தான் இந்த வியாதிக்கு அப்படிப் பெயரிட்டார்கள். நல்ல வேளையாக, வீட்டு அம்மாள் பிடிவாதம் பிடித்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கையைப் பார்த்தார். ஆட்டைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். பெனிசிலின் ஊசியை ஆரம்பித்துவிட்டார். தோலில் வரும் இந்த வியாதி சிகிச்சையின்றி விடப்பட்டால் நூற்றுக்கு இருபது பேர் வரை இறக்கக்கூடும். சிகிச்சை கிடைத்தால் இறப்பவர் அரிது. கறி தின்ற நான்கு வீட்டாருக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பையன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். கடைசியில், "நீங்க சொன்னதைத்தான் ஸார் நானும் சொன்னேன்" என்றான். அந்தக் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பாடத்தைச் சரியாக ஒப்பித்தோமா, இல்லையா என்று கேட்கும் குரல்தான் அது. குற்றம் சாட்டியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்போம். அவன் சாட்டவில்லை, ஆகவே நமக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்தக் கிருமியைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தோம். கலாசாலையில் நம்மோடு படித்த நண்பர் ஒருவர் ஆராய்ச்சிச்சாலையில் இருக்கிறார். அவர் அனுப்பிய கட்டுரைகளும் படங்களும் ஒரு மாத காலம் நமது மேஜையை அடைத்துக் கொண்டிருந்தன.

இந்தக் கிருமிக்கு இரண்டு பிறவிகள் உண்டு. ஆட்டின் ரத்தத்தில் இருக்கும்போது அது ஒரு சிறு குச்சி; சாதாரணப் பிராணி. கொதிக்கும் ஜலத்தில் போட்டால் அது சாகத்தான் செய்யும். அந்த மட்டில் நமது பாடம் பொய் இல்லை. ஆனால் செத்த ஆட்டைக் கத்தியால் திறந்து ரத்தத்தைக் காற்றுப்படச் சிந்தினால், ஆகாரம் தீர்ந்துபோன அந்தக் குச்சிகள் ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு வித்தை உண்டாக்கி விட்டு மாய்ந்து போகின்றன. மூடிக் கிடக்கும் பிரேதத்துக்குள் காற்று இல்லாததால் வித்து உண்டாவதில்லை. ஆகவே கிழவர் சொன்ன "கத்தி வைக்காதே" என்ற மூன்று சொல்லுக்குள்—இல்லை, இரண்டு சொல்தான்—நமது முழுப் பாடத்தையும் விட அதிக விஞ்ஞானம் இருந்தது.

வித்தை முதலில் கண்டு சொன்ன பெருமை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய வைத்தியருடையது. உல்ஸ்டைன் என்ற சிற்றூரில் (இன்று அது போலந்து தேசத்தில் இருக்கிறது) அவர் ஜில்லா வைத்தியராக இருந்தார். ஆராய்ச்சிச்சாலை கிடையாது, நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரந்தான் உண்டு. மாட்டின் கண்ணிலுள்ள தெளிந்த நீரில் ஒரு துளி எடுத்து, அதில் கிருமியை வளரவிட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சிகள் நீண்டு நூலாயின. நூலுக்குள் முத்துக் கோத்தாற்போல் பளபளவென்று புள்ளிகள் தோன்றின. நூல் கரைந்து போயிற்று, முத்துக்கள் மிஞ்சின. புது நீரில் விட்டதும் முத்து மறுபடியும் குச்சியாயிற்று! 1876-ம் வருஷம் பிரெஸ்லாவ் நகரத்துக்குப் போய், தாவர சாஸ்திரியான பெர்டினாண்ட் கோன் என்பவருக்கு இதைச் செய்து காட்டினார். வைக்கோல் கஷாயத்தில் வளரும் வேறொரு கிருமியும் கொதிநீருக்குத் தப்பும் வித்துக்களை உண்டாக்குவதைக் கோன் அதே வருஷத்தில் வெளியிட்டார். இது நடந்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது. நமது கரும்பலகைக்கு இன்னும் செய்தி எட்டவில்லை.

வித்தின் அமைப்பை அறியக் கொப்பரைத் தேங்காயை நினைத்துக் கொள்ளலாம். நடுவில் இருக்கும் பருப்பு வற்றி உலர்ந்தது. அதன் ஜலத்தில் பெரும் பகுதி வெளியேறி, அந்த இடத்தில் டைபிகோலினிக் அமிலம் என்ற ஒரு வஸ்து கால்சியத்துடன் சேர்ந்து நிரம்பியிருக்கிறது. வித்தின் உலர்ந்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இதுதான். ஈரமில்லாத இடத்தில் உஷ்ணத்தின் ஜபம் சாய்வதில்லை. பருப்பைச் சுற்றித் தடித்த ஒரு மெத்தை. அதற்கு மேல் பல அடுக்கான புரோட்டீன் ஓடு. இத்தனைக்கும் வெளியே, தேங்காயைத் தளர்ந்த சாக்குப் பைக்குள் போட்டுக் கட்டியதுபோல் ஒரு மேலுறை. இவ்வளவும் சேர்ந்து எத்தனை பெரிது என்றால், ஆயிரம் வித்துக்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

நண்பர் அனுப்பிய எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தில் அந்தச் சாக்குப் பையைப் பார்த்தபோதுதான் நமக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பையின் மேலெல்லாம் ரோமம்! கம்பளியில் எழும்பி நிற்குமே மெல்லிய பஞ்சு, அதைப் போல அடர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு ரோமமும் ஒரு மில்லிமீட்டரைப் பல்லாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு இருக்கும்.

இந்த ரோமம் எதனால் ஆனது என்பதை 2002-ம் வருஷம் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தார் வெளியிட்டார்கள். அது ஒரு புரோட்டீன். பெயர் பி.ஸி.எல்.ஏ. நேயர்கள் பெயரை மறந்துவிடலாம். வடிவத்தை மட்டும் மறக்க வேண்டாம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக் கொண்ட கயிறு அது. நமது தோலையும் தசைநாரையும் கட்டிக் காக்கும் கொலாஜென் என்ற புரோட்டீனுக்கும் இதே முறுக்குத்தான். எங்கள் பக்கத்து ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பிரசித்தம். பதனிட்ட தோல் என்பது பெரும்பாலும் கொலாஜென். இங்கிலாந்தில் பிராட்போர்டு ஆலைகளில் கம்பளி ரோமம் பிரிக்கும் தொழிலாளிகளைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் இந்த வியாதி கொன்றது. ஆக, தோலோடும் ரோமத்தோடும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வித்து, தானும் தோலின் கயிற்றையே திரித்து ரோமமாகப் போர்த்திக் கொண்டிருக்கிறது. இதில் காரண காரியம் ஒன்றும் இல்லை; வெறும் பொருத்தந்தான். ஆனாலும் நமக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எந்த வம்சத்துக் கிருமி என்பதைப் பொறுத்துக் கயிறு நீளும், குறையும். அதற்குத் தகுந்தபடி ரோமமும் நெட்டை, குட்டை.

இனித்தான் சர்க்கரை வருகிறது. கயிற்றின் நெடுகிலும், கணுவுக்குக் கணு, சிறு சிறு சர்க்கரைச் சரங்கள் தொங்குகின்றன. காப்பியில் போடும் சர்க்கரை அல்ல. ரசாயன சாஸ்திரத்தில் சர்க்கரைக் குடும்பம் மிகப் பெரியது. ராம்னோஸ் என்பது அதில் ஒன்று. நம் உடம்பு அதைச் செய்வதில்லை. ராம்னோஸ் மணிகள் கோத்த ஒரு சரத்தின் நுனியிலே, அதற்கு முன் எந்த ரசாயன சாஸ்திரியும் கண்டிராத ஒரு சர்க்கரை இருப்பதை அமெரிக்காவில் அலபாமா சர்வகலாசாலையார் 2004-ம் வருஷம் கண்டுபிடித்தார்கள். ஆந்த்ராக்ஸ் பெயரையே வைத்து அதற்கு 'ஆந்த்ரோஸ்' என்று நாமகரணம் செய்தார்கள்.

ஆராய்ச்சிக்கு இந்த வேகம் வந்ததற்குக் காரணம் வெட்கப்பட வேண்டிய ஒன்று. 2001-ம் வருஷம் அமெரிக்காவில் யாரோ கடித உறைக்குள் இந்த வித்துப் பொடியைப் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். 22 பேர் நோயுற்றார்கள். 5 பேர் மாண்டார்கள். மனிதன் இதை ஆயுதமாக எண்ணியது அப்போதுதான் என்று நினைக்க வேண்டாம். 1942-ல் பிரிட்டிஷ் ராணுவத்தார் ஸ்காட்லாந்துக் கரையோரமுள்ள க்ரூயினார்டு என்ற சிறு தீவில் ஆடுகளைக் கட்டி வைத்து, வித்து நிறைந்த குண்டை வெடித்துப் பரீட்சை செய்தார்கள். ஆடுகள் செத்தன, யுத்தம் முடிந்தது, வித்துக்கள் மட்டும் மண்ணில் சாகவில்லை. 1986-ல் 280 டன் பார்மால்டிஹைடைக் கடல் ஜலத்தில் கலந்து தீவு முழுவதும் தெளித்த பிறகு, 1990-ல்தான் மனிதர் கால் வைக்கலாம் என்றார்கள். நாற்பத்தெட்டு வருஷம்! நாகரிக தேசம் ஒன்று தன் மண்ணைத் தானே கெடுத்துக் கொண்ட கதை இது. நமது புளிய மரத்தடிக்கு வருவோம்.

எதற்காக இந்தச் சர்க்கரை ரோமம்? ரோமம் இல்லாத வித்துக்களை ஆராய்ச்சிச்சாலையில் உண்டாக்கி எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எலிகள் முன்போலவேதான் செத்தன. அப்படியானால் கிருமி இவ்வளவு சிரமப்பட்டு இதை நெய்வானேன்? மொட்டை வித்துக்களோ கண்ட இடத்திலெல்லாம், கண்ட திசுவிலெல்லாம் ஒட்டிக் கொள்கின்றன. ரோமமுள்ள வித்து அப்படி ஒட்டுவதில்லை. நம் உடம்பின் காவல்காரர்களான பெருவிழுங்கி அணுக்களிடமே போய்ச் சேருகிறது. காவல்காரன் அதை விழுங்கி, நிணநீர்க் கணுக்களுக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். போகிற வழியிலேயே வித்து முளைத்துவிடுகிறது. அதாவது திருடன் போலீஸ்காரனுடைய வண்டியிலேயே ஏறி ஊருக்குள் வருகிறான். வண்டியை நிறுத்தக் காட்டும் சீட்டு அந்தச் சர்க்கரை. ரோமத்தின் வேலை முழுவதும் இவ்வளவுதான் என்று இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

ஆனால் அதே சர்க்கரை திருடனைக் காட்டிக் கொடுக்கவும் செய்யும். ஆந்த்ரோஸைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கி, வித்தை அடையாளம் காணலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் உற்சாகப்பட்டார்கள். இந்தக் கிருமியிடம் மட்டுமே உள்ள அடையாளம் அல்லவா என்று முதலில் தோன்றிற்று. பிறகு இலைகளைக் கெடுக்கும் ஒரு கிருமியின் சவுக்கு வாலிலும் அந்தச் சர்க்கரையின் உறவு கிடைத்தது. 2011-ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்த ஆந்த்ராக்ஸ் வம்சங்கள் சிலவற்றில் ஆந்த்ரோஸே இல்லை என்று தெரிந்தது. "மட்டும்" என்ற சொல்லும் "எல்லா" என்ற சொல்லும் ஒரே தாயின் பிள்ளைகள் போலிருக்கிறது. படிக்கையில் நமக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டாயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். பெரிய மனிதர்களும் நம் வழியே சறுக்குகிறார்கள் அல்லவா?

அடைப்பான் நமது வீட்டுக்கு எங்கே வரப்போகிறது என்று நேயர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. இதே குடும்பத்தில் பாஸில்லஸ் ஸீரியஸ் என்று ஒரு பங்காளி உண்டு. இதே மாதிரி சர்க்கரை ரோமம் போர்த்திய வித்து. மண்ணிலிருந்து நெல்லோடு வந்து, அரிசியோடு உலையில் ஏறி, கொதித்து, சாகாமல் இறங்குகிறது. சுடச்சுடச் சாப்பிட்டு விட்டால் ஒன்றும் இல்லை. வடித்த சாதத்தை வெதுவெதுப்பாக நாழிக்கணக்கில் வைத்திருந்தால் வித்து முளைத்து விஷத்தைக் கக்கும். மறுபடி சுடவைத்தாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த விஷம் அழியாது. 1970-களின் ஆரம்பத்தில் இங்கிலாந்துச் சீன உணவு விடுதிகளில் வறுத்த சாதம் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தது இந்தப் பங்காளியின் கைங்கரியம். இதை வீட்டில் படித்துக் காட்டினோம். "மத்தியானச் சாதத்தை ராத்திரி வரைக்கும் மூடி வைக்காதீங்கன்னு எங்க அம்மா சொன்னப்போ, மூடநம்பிக்கைன்னு சிரிச்சது யாரு?" என்று பதில் வந்தது. அந்த மாதம் நமக்கு அநேக இடங்களில் தோல்வி.

நிற்க. வகுப்பில் என்ன செய்வது? "போன வருஷம் சொன்னது தப்பு" என்று சொல்லி, கோட்டை அழித்துவிட்டால் போதுமா? பிள்ளைகள் அதையும் மூன்று தடவை ஒப்பித்துவிடுவார்கள். ஆகவே இரண்டு குடுவைகளில் வைக்கோலை ஊறவைத்த ஜலத்தை ஊற்றினோம். வாயைப் பஞ்சால் அடைத்து, இரண்டையும் பத்து நிமிஷம் கொதிக்க வைத்தோம். ஒன்றை அப்படியே அலமாரியில் வைத்தோம். மற்றதை மறுநாளும் அதற்கு மறுநாளும் மறுபடி கொதிக்க வைத்தோம். இது 1877-ல் டிண்டால் என்ற அயர்லாந்து நாட்டுப் பௌதிக சாஸ்திரி காட்டிய யுக்தி. முதல் கொதிக்குத் தப்பின வித்து, ஆறிய ஜலத்தில் ஏமாந்து முளைத்துக் குச்சியாகும். குச்சியை அடுத்த கொதி கொல்லும். பாக்கியை மூன்றாவது கொதி பார்த்துக்கொள்ளும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நீராவியை அழுத்தி 121 டிகிரிக்கு ஏற்றிப் பதினைந்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள். நமது பள்ளிக்கூடத்தில் அந்த யந்திரத்துக்கு எங்கே போக?

ஐந்தாம் நாள் காலையில் அலமாரியைத் திறந்தவன் அந்தப் பையன்தான். ஒரு தரம் கொதித்த குடுவை கழுநீர் மாதிரிக் கலங்கி, மேலே ஏடு படிந்திருந்தது. மூன்று தரம் கொதித்தது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. இரண்டையும் இரண்டு கைகளிலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொண்டு, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். பிறகு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்தான். "எல்லா" என்ற சொல்லை அடித்தான். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நம்மைக் கேட்கவில்லை. காலியாகவே விட்டு வைத்தான்.

சென்ற மாதம் அவனுடைய தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு. நாம் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் ஏதோ ஆரம்பித்தோம். அவர் அதைக் காதில் வாங்கிக் கொள்ளவே இல்லை. கால்நடை வைத்தியர் புளிய மரத்தடிக்கு மருந்து தெளித்துவிட்டுப் போயிருந்தாலும் அங்கே இன்னும் ஆடு கட்டுவதில்லை என்றார். ஊரில் ஆடுகளுக்கு ஊசி போட வரப்போகிறார்களாம். அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தார்.

"அந்த மருந்துக்குள்ளே என்னங்க ஐயா இருக்குது?"

உண்மையைச் சொன்னோம். 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் பிரித்தெடுத்த வம்சம் அது. அடைப்பான் வித்தேதான், ஓடு, மெத்தை, சர்க்கரை ரோமம் வரை. குச்சியானதும் மேலே போட்டுக்கொள்ளும் ஒரு வழுக்குச் சட்டையை மாத்திரம் அது இழந்துவிட்டது; ஆகவே காவல்காரர்களிடம் அகப்பட்டுக் கொள்ளும். எங்களுக்கு அடுத்த ஊரான இராணிப்பேட்டையில், 1932-ல் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்திலேயே அதைத் தயாரிக்கிறார்கள்.

அவர் நமது முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். "அதே வித்தா?" என்றார்.

அதே வித்துத்தான் என்றோம்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிங்க. எல்லா ஆட்டுக்கும் போடலாமா? இரண்டு சினை ஆடு இருக்குது."

கால்நடை வைத்தியரை விசாரித்துக்கொண்டு நாளைக் காலையில் பையனிடம் சொல்லி அனுப்புவதாகக் கூறினோம்.